திருச்சி ஐசியூவில் சித்தப்பா

முதலில் 108 பற்றிச் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவில் சித்தப்பாவுக்கு முதுகைக் கிழிக்கிற மாதிரி வலி. போன் போட்டதும் வண்டி வந்துவிட்டது, பைசா வாங்கவில்லை. ஆனால் முதலில் போன சின்ன நர்சிங் ஹோமில் மாரடைப்பு என்றே பேசினார்கள். நல்லவேளை, ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போடவில்லை. பெரிய மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம். உடனே சிடி எடுத்தார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் உட்சுவர் கிழிந்திருந்தது. இதயத்தை ஒட்டிய பகுதி தப்பித்துவிட்டதால் அவசர ஆபரேஷன் வேண்டாம், மேல் பிரஷரை 120க்குள்ளும் நாடியை 60க்குள்ளும் அடக்கி வைப்போம் என்றார்கள்.

சிக்கல் அப்புறம்தான். மூச்சு வாங்க ஆரம்பித்தது. நிமோனியாவோ என்று பயந்தோம். தமனி கிழிந்ததால் உடம்பில் கிளம்பும் அழற்சி நுரையீரலையும் பிடிக்கும் என்று ஐசியூ டாக்டர் பொறுமையாக விளக்கினார். மூக்கு வழியாகக் கொடுத்த ஆக்சிஜன் போதாமல் வென்டிலேட்டருக்குப் போனது. குழாய் இறக்கும்போது இருமினாலே பிரஷர் எகிறும், அதனால் நன்றாக மயக்கிவிட்டுத்தான் செய்தார்கள். எக்மோ, அதாவது ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரம், அந்தப் பேச்சும் வந்தது. அதற்கு ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்க வேண்டும், கிழிந்த தமனியோடு அது கத்திமேல் நடக்கிற வேலை. அதற்கு முன், ஆக்சிஜன் நன்றாக ஏற, கவிழ்த்துப் படுக்க வைத்துப் பார்ப்போம் என்றார், ஒரு தடவைக்கு 16 மணி நேரம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தலைமாட்டில் ஒருவர் குழாயைப் பிடித்தபடி எண்ண, ஐந்தாறு பேர் சேர்ந்து புரட்டினார்கள். வலது மணிக்கட்டில் பிரஷர் காட்டும் மெல்லிய குழாய் இழுபடாமல் ஒரு நர்ஸ் தனியே தாங்கிக்கொண்டிருந்தார். கனடாவின் டொரண்டோவில்கூட இதைவிடக் கவனமாகச் செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

பில்லிங் கவுன்டர் வேறு உலகம். ஓய்வூதியர் காப்பீட்டு அட்டையை நீட்டினால், "அப்ரூவல் வரட்டும் சார், அதுவரைக்கும் அட்வான்ஸ் கட்டிடுங்க" என்ற ஒரே பாட்டு. அப்ரூவல் வந்த பிறகும் கட்டிய பணத்தைத் திருப்பித் தர இழுத்தடித்தார்கள். டாக்டர் மாலையில் கொஞ்ச நேரம்தான் பேசுவார், தவறவிட்டால் மறுநாள். இன்னொன்று: ஸ்கேன் படங்களை டிஸ்க்கில் கேட்டு வாங்குங்கள். வேறு ஊர் சர்ஜனிடம் காட்டப் போனால் ஃபிலிம் மட்டும் போதாது.

சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மூச்சுப் பயிற்சிக் கருவியில் மூன்று பந்தில் இரண்டைத் தூக்குகிறார். பிரஷர் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. தமனி வீங்குகிறதா என்று அவ்வப்போது சிடி எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தச் செலவு அட்டையில் வருமா என்று தம்பி இப்போதே விசாரித்துக்கொண்டு அலைகிறான்.