பெல்ட் தேர்வுக்குத் தனிக் கட்டணமா, மாதக் கட்டணத்திலேயே அடக்கமா?

காரைக்குடியில் என் மகனை முதலில் சேர்த்த கராத்தே வகுப்பில் மாதம் 500 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் பெல்ட் தேர்வுக்குத் தனியாக 1,000 ரூபாய். ஓராண்டு கழித்து மாற்றிய வகுப்பில் மாதம் 850 ரூபாய், தேர்வுக்கென்று எதுவும் வாங்குவதில்லை. கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு முன்னது 10,000, பின்னது 10,200. ஆகவே செலவு குறையும் என்று நான் மாற்றவில்லை.

தனிக் கட்டணத்துக்கும் நியாயம் உண்டு. வெளியூர்த் தேர்வாளரின் பயணம், மண்டப வாடகை, சான்றிதழ், பெல்ட் எல்லாவற்றுக்கும் செலவாகிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் நின்றுவிட்டால் மாதக் கட்டணத்தை மட்டும் நம்பும் மாஸ்டர் திண்டாடிப்போவார்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றே: சரியாகச் செய்யாத பிள்ளையிடம் 'இப்போது வேண்டாம்' என்று சொல்ல மாஸ்டருக்கு வழி இருக்கிறதா? பழைய வகுப்பின் மூன்றாவது தேர்வில், ஹெயான் நிடான் என்ற கட்டாவின் (வரிசை மாறாமல் செய்துகாட்டும் அசைவுத் தொகுப்பு) நடுவே என் மகனுக்கு அடுத்த அசைவு மறந்துபோய், ஓங்கிய கை அப்படியே நிற்க என்னைத் திரும்பிப் பார்த்தான். பத்து நிமிடத்தில் பச்சை பெல்ட்டும் சான்றிதழும் கைக்கு வந்தன. அதில் அவன் பெயர் முன்கூட்டியே அச்சாகியிருந்தது. வீட்டுக்கு வந்தவன் அந்த பெல்ட்டைக் கட்டிப் பார்க்கவே இல்லை. மாஸ்டரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயிரம் ரூபாய் கட்டிய பெற்றோரிடம் 'தவறிவிட்டான், அடுத்த முறை மறுபடி கட்டுங்கள்' என்று எந்த முகத்தோடு சொல்வார்?

கராத்தேயின் பெல்ட் முறைக்கு முன்னோடி ஜூடோ. அதை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1883-இல் முதல் டான் தகுதியை (இன்று கறுப்பு பெல்ட்டுக்குரிய தரம்) இரண்டே மாணவர்களுக்குத்தான் வழங்கினார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்ற நிற வரிசை பிற்பாடு ஐரோப்பாவில் வளர்ந்து பரவியது. படிகள் கூடக் கூட, ஒவ்வொரு படியிலும் பணம் வாங்க இடம் ஏற்பட்டுவிடுகிறது.

புதிய வகுப்பில் தேர்வு நாள் என்று தனியாக ஒன்று இல்லை. மகனை எட்டு மாதம் பச்சையிலேயே நிறுத்திவைத்து, நிற்கும் நிலையிலிருந்து திருத்தினார்கள். எனக்கே பொறுமை போய்க் கேட்டபோது, "இடுப்பு இன்னும் திரும்பவில்லை சார்" என்று மாஸ்டர் தயங்காமல் சொன்னார். அந்தத் தயக்கமின்மைக்காகவே மாதம் 850 ரூபாயை மனமொப்பிக் கொடுக்கிறேன்.

கறுப்பு பெல்ட் விஷயம் வேறு. கொரியக் கலையான டேக்வாண்டோவில், ஒலிம்பிக்கில் இடம்பெறும் பிரிவுக்கு டான் சான்றிதழ் சியோலின் குக்கிவோன் தலைமையகத்திலிருந்து வர வேண்டும். அங்கே கட்டும் தொகையை மாணவரிடம் வாங்குவது முறைதான், ரசீதைக் காட்டினால் போதும். நான் பார்த்தவை இரண்டே வகுப்புகள், அதுவும் பெற்றோர் இருக்கையிலிருந்து. சிற்றூர்களில் மாதக் கட்டணத்தை 850-க்கு உயர்த்தினால் பிள்ளைகள் வருவார்களா என்பதை வகுப்பு நடத்துபவர்கள்தான் சொல்ல வேண்டும். சேர்க்கப் போகும் பெற்றோர், கடந்த தேர்வில் எத்தனை பேர் தேறவில்லை என்று முதலில் கேளுங்கள். கட்டணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.