நீல மூடிக் குழாயில் பாதி ரத்தம்: 4,800 ரூபாய் போச்சு

களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிற லேபில் பணம் கட்டப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். பேர் போடவில்லை, கேஸ் போடுவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள்.

அம்மைக்கு இதயத்தில் மைட்ரல் வால்வு மாற்றி உலோக வால்வு வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க தினமும் அசிட்ரோம் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுது என்று பார்க்க மாதம் ஒருமுறை ஐஎன்ஆர் டெஸ்ட். 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்கணும். ஏறினால் ரத்தம் கசியும், இறங்கினால் வால்வில் ரத்தக்கட்டி பிடிக்கும். வயசான காலத்தில் பஸ்ஸில் அலைய வேண்டாமே என்று 6 மாதத்துக்கு மொத்தமாக 4,800 ரூபாய் ஜிபே பண்ணினேன்.

வந்த பையனுக்கு என்ன மரியாதை! செருப்பை முற்றத்திலேயே கழற்றினான். "அம்மே, பேடிக்கண்டா" (பயப்படாதீங்க) என்று கையைத் தடவிக்கொடுத்தான். அம்மை கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். அங்கேதான் விழுந்தோம். நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை, நீல மூடிக் குழாயில் பாதிதான் ரத்தம். "கோடு வரைக்கும் வேண்டாமா தம்பி?" என்றேன். "இது மதி சேட்டா" என்றான், இதுவே போதுமாம்.

ரிப்போர்ட் 6.1. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், 2 நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். போனால் அங்கே 1.4! டாக்டர் முதலில் கேட்டதே, குழாய் நிறைந்ததா என்றுதான். அதற்குள் ரத்தம் உறையாமல் தடுக்கிற சிட்ரேட் இருக்குமாம், 1 பங்குக்கு 9 பங்கு ரத்தம் விழணும். ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சிப்போய் உறைய நேரமாகும், ஐஎன்ஆர் பொய்யாக ஏறும். அந்தப் பொய்யை நம்பித்தான் மாத்திரையை நிறுத்தியிருக்கிறோம்.

லேபுக்குக் கூப்பிட்டால் முதல் நாள் "மேடம் லீவு". மறுநாள் "மெஷின் தப்பு பண்ணாது சார்". மூன்றாம் நாள் மேனேஜர் சொல்கிறான், "அம்மை கீரை கூடுதல் சாப்பிட்டிருப்பாங்க." அட பாவி, கீரை தின்றால் ஐஎன்ஆர் இறங்கும், ஏறாது! இதுகூடத் தெரியாதவனிடமா 4,800 ரூபாயைத் தூக்கிக் கொடுத்தேன்? திருப்பிக் கேட்டால் "ரீஃபண்ட் இல்லை, இன்னும் 5 டெஸ்ட் பாக்கி இருக்கே" என்கிறான். அவன் கையில் இன்னும் 5 தடவை கையை நீட்டணுமாம்.

என்னென்ன பார்க்கணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் வரமாட்டேங்குது. குழாய் கோடு வரை நிறையாவிட்டால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். திடீரென்று எகிறின நம்பரை அன்றைக்கே வேறு இடத்தில் பாருங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையில் கை வைக்காதீர்கள். மொத்தப் பணம் கட்டவே கட்டாதீர்கள். 4,800 ரூபாய்!

வால்வில் கட்டி பிடிக்காமலிருக்க அம்மைக்கு இப்போ காலையும் ராத்திரியும் வயிற்றில் ஊசி. நான் அந்தப் பையனைத் திட்டினால், "சாயாகூட முழுசாக் குடிக்காம ஓடினான், பாவம், அன்னைக்கு இன்னும் எத்தனை வீடோ" என்கிறாள்.