பேலியோ, சிறுதானியம், அளவுச் சோறு: மளிகைக் கணக்கோடு ஓர் ஒப்பீடு

என் கணவருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 7.8 சதவீதம் என்று வந்த வாரத்திலேயே மூன்று யோசனைகள் வீட்டுக்குள் வந்துவிட்டன. கொழுந்தனார், தானியத்தையும் பருப்பையும் விட்டுக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவுமுறைக்கு மாறச் சொன்னார்; என் அக்கா அரிசியை அடியோடு விட்டுச் சிறுதானியம் சமைக்கச் சொன்னார்; மருத்துவமனையில் பார்த்த உணவு ஆலோசகரோ சோற்றைப் பாதியாக்கி, மீதி இடத்தைக் காயாலும் பருப்பாலும் நிரப்பச் சொன்னார். கடைப் பலகாரம், பாக்கெட் தீனி, மைதா, சர்க்கரை ஆகியவற்றை நிறுத்த வேண்டும் என்பதில் மூவருக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே, அவற்றுக்குப் பதிலாக எதைச் சமைப்பது, அதை நான்கு பேர் கொண்ட வீட்டின் மாதச் செலவு தாங்குமா என்பதுதான் ஒப்பிட வேண்டிய விஷயம். இங்கே சொல்லும் விலைகள் எங்கள் பகுதிக் கடைகளில் நான் கொடுத்தவை; ஊருக்கு ஊர் கூடும், குறையும்.

மேலைநாட்டுப் பேலியோவில் பாலும் விலக்கு. தமிழ்நாட்டில் பரவியிருக்கும் வடிவத்தில் வெண்ணெய், நெய், பன்னீர், தயிர் எல்லாம் உண்டு; தானியமும் பருப்பும் கிழங்கும் இனிப்பும் இல்லை. சொல்லப்போனால் இது கற்கால உணவு என்பதைவிட, மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை. சைவர்களுக்கு இதில் காலை உணவாகப் பரிந்துரைக்கப்படுவது 100 பாதாம். தராசில் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட 120 கிராம் வந்தது. கிலோ 900 ரூபாய் என்றால் ஒரு காலைக்கு 108 ரூபாய், மாதத்துக்கு 3,240 ரூபாய். இது ஒருவருக்கு, ஒரு வேளைக்கு. முட்டை சாப்பிடுபவராக இருந்தால் கதை வேறு. நான்கு முட்டை 26 ரூபாய். அவற்றிலும் பாதாமுக்கு இணையாக ஏறக்குறைய 24 கிராம் புரதம் கிடைத்துவிடுகிறது. முட்டையில் கலோரி குறைவு என்பதால் 30 கிராம் வெண்ணெயைச் சேர்த்துக்கொண்டாலும் மாதத்துக்கு 1,320 ரூபாய்க்குள் முடிகிறது. ஆக, பேலியோ விலை கூடியது என்ற பேச்சு சைவப் பேலியோவுக்குத்தான் முழுதாகப் பொருந்தும்.

எனக்கு உறுத்தியது விலக்குப் பட்டியல். நியாய விலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு, கொள்ளு, கொண்டைக்கடலை என்று நம் வீடுகளில் மலிவாகப் புரதம் தருகிற பொருள்கள் எல்லாமே அதில் இருக்கின்றன. நிலக்கடலையும் இருக்கிறது, நூறு கிராமில் பாதாமைவிடச் சற்று அதிகப் புரதம், விலையோ ஆறில் ஒரு பங்கு. பருப்புகளை மாவுச்சத்துக்காக விலக்குவதில் ஒரு தர்க்கம் உண்டு. ஆனால் நிலக்கடலையில் மாவுச்சத்து குறைவுதான். அவரைக் குடும்பத்துச் செடி என்பதற்காக அதை ஒதுக்கிவிட்டுப் பாதாமைக் கைநிறைய அள்ளச் சொல்வது பணப்பைக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

விலைப்பட்டியலில் தெரியாத செலவு ஒன்றும் இருக்கிறது. ஒருவர் மட்டும் பேலியோவில் இருந்தால், பிள்ளைகளுக்குச் சோறும் சாம்பாரும் ஒரு பக்கம், அவருக்குப் பன்னீரும் காய் வதக்கலும் இன்னொரு பக்கம் என்று வீட்டில் இரண்டு சமையல் நடக்கும். சோதனையாகச் செய்து பார்த்த பத்து நாளில், 200 கிராம் பன்னீர் ஒரு நாளும் அவர் தட்டை முழுதாகச் சென்றடையவில்லை. சின்னவள் கிண்ணத்தோடு வந்து நின்றால் யாரால் மறுக்க முடியும்? தனியாகச் சமைத்துச் சாப்பிடுபவருக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதால், அவருக்குப் பேலியோ எளிதில் கட்டுப்படியாகலாம்.

பலனைப் பொறுத்தவரை பேலியோ மற்ற இரண்டையும்விட வேகமானது. மாவுச்சத்து திடீரென்று குறைவதால் சர்க்கரையும் விரைவில் இறங்கும். அந்த வேகமே ஆபத்தாகவும் மாறும். இன்சுலினோ, கிளைமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் மருந்தின் அளவை மாற்றாமல் இதில் இறங்கினால் தாழ்சர்க்கரை வரக்கூடும். டபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கு இரத்தத்தில் அமிலம் சேரும் அபாயமும் உண்டு. மருத்துவரிடம் கேட்காமல் முதல் நாளைத் தொடங்கவே கூடாது.

சிறுதானியத்துக்கு இப்போது நல்ல பெயர். ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, எங்கள் தெருக் கடையிலேயே தனி அலமாரி வந்துவிட்டது. சாமை கிலோ 130, நாங்கள் வாங்கும் பொன்னி 62. சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 15 கிலோ அரிசி ஆகிறது. முழுவதையும் சாமையாக மாற்றினால் 1,020 ரூபாய் கூடும். கம்பும் கேழ்வரகும் கிலோ 50 ரூபாய்தான் என்பதால் அவற்றில் இந்தப் பாரம் இல்லை. கேழ்வரகில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருப்பதால், வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதற்குத் தனி மதிப்புண்டு.

ஆனால் சர்க்கரையைக் குறைக்கத்தான் இந்த மாற்றம் என்றால் கணக்கு இடிக்கிறது. நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால் பெரும்பாலான சிறுதானியங்களில் 60 கிராமுக்கு மேல் இருக்கிறது. பளபளவென்று பட்டை தீட்டி விற்கப்படுபவற்றில் நார்ச்சத்தும் பெரும்பாலும் போய்விடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்விலிருந்து 2025இல் வெளியான கட்டுரையும், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையையோ சிறுதானியத்தையோ வைப்பதால் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. சாமைச் சோறு உடம்புக்கு நல்லது என்று இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொள்வதும், கேழ்வரகை நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பதும் என் அக்கா வீட்டிலேயே நடக்கின்றன.

மூன்றாவது வழிக்குக் கவர்ச்சியான பெயர் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட தட்டு அளவு இதற்கு நல்ல வழிகாட்டி: 2,000 கலோரி தேவைப்படுபவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையுமாக 400 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம். சர்க்கரை உள்ளவருக்குத் தானியத்தை இதற்கும் கீழே இறக்கச் சொன்னார் ஆலோசகர். 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கும் ரேஷன் அரிசியும், மலிவு விலைப் பருப்பும் இந்த வழியில் வீணாவதில்லை. பேலியோவுக்குப் போகிறவர் தம் பங்குக்கு இரண்டையும் விட்டுக்கொடுக்கிறார்.

இதிலும் செலவு கூடத்தான் செய்கிறது. நான்கு பேருக்கு 400 கிராம் வீதம் என்றால் ஒரு நாளைக்கு 1.6 கிலோ காய் வேண்டும். அதில் பாதிதான் நாங்கள் முன்பு வாங்கிக்கொண்டிருந்தோம். கூடுதல் 800 கிராமுக்கு நாள் ஒன்றுக்கு 40 ரூபாய் வீதம் மாதம் 1,200 ரூபாய் ஆகிறது. ஆனால் அது நால்வர் தட்டிலும் விழுகிறது, அடுப்பும் ஒன்றே. குறை என்னவென்றால், பலன் மெதுவாகத் தெரியும். அன்றாடம் அளவு பார்க்க வேண்டும். பேலியோவில் சோறே இல்லை என்பதால் சபலத்துக்கும் இடமில்லை. இங்கே சோறு கண்ணெதிரே இருக்கும், ரசத்துக்கு இன்னொரு பிடி கேட்கும். அதற்காகக் கணவர் ஒரு சிறு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டார். சாம்பார், ரசம், மோர் மூன்றுக்குமாக அந்தக் கிண்ணம் ஒருமுறைதான் நிறையும். முதல் வாரம் அதைத் தலைதட்டாமல் கூம்பாக அள்ளினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் எடுத்தது இந்த மூன்றாவது வழி. பேலியோவிலிருந்து காலை முட்டையையும், அக்கா சொன்னதிலிருந்து வாரம் இருமுறை கம்பையும் அதில் சேர்த்துக்கொண்டோம். பாதாமும் வாங்குகிறோம், மாதம் கால் கிலோ, நால்வருக்கும் சேர்த்து.