கலைக்கு எந்த வரி கை கொடுக்கும்? டென்வர், சான் பிரான்சிஸ்கோ, போர்ட்லாண்ட்

நகராட்சிக்குப் பணமுடை வந்தால் முதலில் கத்தி விழுவது கலைக்கான மானியத்தில்தான். அதற்குத் தப்பிக்கவே சில அமெரிக்க நகரங்கள் கலைக்கென்று வரி வருவாயைத் தனியே ஒதுக்கின. எந்த ஏற்பாட்டில் பத்துப் பேர் கொண்ட ஒரு நாடகக் குழுவின் கைக்குக் காசு வந்து சேர்கிறது என்பதே இங்கே கேள்வி.

டென்வர் எடுத்துக்கொண்டது விற்பனை வரியை. 1982-ல் கொலராடோ மாநிலம் அங்குள்ள அருங்காட்சியகம், விலங்குக்காட்சிச் சாலை போன்றவற்றுக்குக் கொடுத்துவந்த நிதியை நிறுத்தியது. 1988-ல் மக்கள் வாக்களித்து 0.1% வரியை ஏற்றார்கள்: 10 டாலருக்குப் பொருள் வாங்கினால் 1 சென்ட். இன்று 7 கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) வசூலாகிறது. கடைக்காரர் எப்படியும் கட்டும் விற்பனை வரியோடு சேர்ந்தே போவதால் வசூலுக்கென்று தனி ஆள், தனிப் படிவம் வேண்டியதில்லை. பார்க்க அற்பம், சேரும்போது ஆண்டுக்குக் கோடிக்கணக்கான டாலர்.

சிக்கல் பங்கு பிரிப்பதில். 2016-ல் புதுப்பித்த சட்டப்படி ஆண்டு வசூலில் முதல் 3.8 கோடி டாலர் வரை 64 சதவீதம் ஐந்தே ஐந்து பெரிய நிறுவனங்களுக்கு: விலங்குக்காட்சிச் சாலை, இயற்கை அறிவியல் அருங்காட்சியகம், கலை அருங்காட்சியகம், தாவரவியல் பூங்கா, நிகழ்த்துகலை மையம். நடுத்தர நிறுவனங்களுக்கு 22. மிச்சமுள்ள 14-ஐத்தான் நூற்றுக்கணக்கான சின்னக் குழுக்கள் பிய்த்துக்கொள்ள வேண்டும். 3.8 கோடியைத் தாண்டும் தொகைக்கு விகிதம் 57, 26, 17 என்று கொஞ்சம் இளகுகிறது. அந்தச் சின்னப் பங்கையும் கவுண்டி வாரியாகப் பிரித்து, அந்தந்தக் கவுண்டியின் பண்பாட்டுக் குழு விண்ணப்பம் வாங்கித் தருகிறது. கடைகள் நிறைந்த கவுண்டியில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

சான் பிரான்சிஸ்கோ 1961 முதலே விடுதி அறை வரியில் இருந்து கலைக்குப் பணம் கொடுத்துவருகிறது. வெளியூர்க்காரர் தலையில் விழும் வரி. உள்ளூரில் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். ஆனால் வரிக்கும் கலைக்கும் இருந்த முடிச்சு இடையில் அவிழ்ந்துபோனது. அதைத் திரும்பக் கட்ட 2016-ல் வைத்த தீர்மானம் பெரும்பான்மை பெற்றும் தோற்றது, ஏனென்றால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது. 2018-ல்தான் நிறைவேறியது. 200 டாலர் அறைக்கு 14% வீதம் 28 டாலர் வரி. அதில் 3 டாலர் கலைக்கு. பலவீனம் 2020-ல் வெளிப்பட்டது. கொரோனாவில் அரங்குகள் பூட்டிக்கிடந்த அதே மாதங்களில் விடுதிகளும் காலி. குழுக்களுக்கு உதவி மிக அவசியமான நேரத்தில்தான் இந்த ஊற்று வற்றும்.

ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் 2012-ல் செய்ததுதான் விசித்திரம்: தலைக்கு 35 டாலர். 18 வயது நிரம்பி, ஆண்டுக்கு 1,000 டாலராவது வருமானம் இருந்து, குடும்பம் வறுமைக்கோட்டுக்கு மேல் இருந்தால் கட்ட வேண்டும். மாதம் 3,000 வாங்குபவருக்கும் 30,000 வாங்குபவருக்கும் அதே 35. டென்வரில் அந்த 35 டாலரை ஒருவர் கட்ட வேண்டுமானால் 35,000 டாலருக்குப் பொருள் வாங்கியிருக்க வேண்டும். ஒரிகன் அரசியல் சட்டம் தலைவரியைத் தடை செய்கிறதே என்று வழக்குப் போனது. வருமானத்தையும் கணக்கில் எடுப்பதால் இது தலைவரி ஆகாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது.

சட்டத்தில் தப்பித்தாலும் வசூலில் மாட்டிக்கொண்டார்கள். சம்பளத்தில் பிடிப்பதில்லை, மாநில வருமான வரிப் படிவத்திலும் இல்லை. ஆண்டுதோறும் ஏப்ரலில் நகராட்சிக்குத் தனியாக அனுப்ப வேண்டும். புதிதாகக் குடிவந்தவருக்கு இப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. 35 டாலருக்காக ஒருவருக்கு நினைவூட்டுக் கடிதம் மேல் கடிதம் போட்டால் என்ன மிஞ்சும்? நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று முதலில் எழுதிவைத்த உச்சவரம்பை 2018-ல் எடுத்தே விட்டார்கள். வசூலானதில் முதல் உரிமையும் குழுக்களுக்கு இல்லை. தொடக்கப் பள்ளிகளில் 500 பிள்ளைகளுக்கு ஒரு கலை ஆசிரியர் என்ற கணக்கில் சம்பளம் போன பிறகு மிஞ்சுவதுதான் கலை அமைப்புகளுக்கு. பள்ளிக்கு இது அருமையான திட்டம்தான். நாடகக் குழு நம்பி இறங்க முடியாது.

கட்டுமானச் செலவில் 1% கலைக்கு என்ற முறையும் உண்டு. 1959-ல் பிலடெல்பியா தொடங்கியது. சியாட்டில் 1973-ல் எடுத்துக்கொண்டது. சிலை, சுவரோவியம் செய்பவருக்கு நல்லது. ஆட்டம், பாட்டுக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

சின்னக் குழுவுக்கு டென்வர் வழிதான் மேல். பங்கு சிறிதானாலும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது, வசூலில் ஓட்டை குறைவு. ஆனால் அந்த வரிக்கு 2030 வரைதான் ஆயுள். 14-ஐ 20 ஆக்க வேண்டுமென்றால் அடுத்த வாக்கெடுப்புக்கான சட்டவரைவு எழுதும்போதே போய் உட்கார வேண்டும். வாக்கு விழுந்துவிட்டால் அடுத்த புதுப்பிப்பு வரை அந்த எண்ணை அசைப்பது எளிதல்ல.