ஓலன்சபின் போடுகிறவளின் எடைக் கணக்கு: ஆன்லைன் உதவி எனக்கு எப்படி இருந்தது

மனச்சிதைவு நோய்க்கு ஓலன்சபின் போடுகிறேன். காரைக்குடி பக்கம் பள்ளத்தூர் எனக்கு. மாத்திரை தொடங்கியபோது 58 கிலோ இருந்தேன். குரல்கள் அடங்கின, தூக்கம் திரும்பியது, தையல் மெஷினில் மறுபடி உட்கார முடிந்தது. அதே வருஷத்துக்குள் எடை 80-ஐத் தாண்டிவிட்டது. எங்களைப் போல மனநல மாத்திரை எடுப்பவர்களுக்கென்றே ஆன்லைனில் நடக்கும் எடைக்குறைப்புத் திட்டம் ஒன்றில் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. வாரம் ஒரு வீடியோ கூட்டம், போனில் சின்னச் சின்னப் பாடங்கள், சாப்பாட்டையும் நடையையும் குறித்துவைக்க ஓர் ஆப், அதோடு வாராவாரம் ஒரு துணையாளரின் போன். சேரலாமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓலன்சபின், அதே நோய்க்குத் தரும் குளோசபின் இரண்டும் மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் என்ற ரசாயனங்களை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை அடைக்கின்றன. அதனால் வயிறு நிறைந்தாலும் "போதும்" என்ற உணர்வு வருவதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டால், பத்து மணிக்கு அன்று முழுக்கப் பட்டினி கிடந்தவள் மாதிரி பசிக்கும். சீப்புச் சீடை டின்னைத் திறந்தால் கை நிற்காது. இதற்கு முன் பணம் கட்டிச் சேர்ந்த ஒரு சாதாரண எடைக்குறைப்பு வகுப்பில் இதைச் சொன்னேன். "மனசு வைக்கணும்மா" என்றார்கள். அதோடு விடவில்லை. "அந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திப் பாருங்களேன்" என்றார்கள். அது எவ்வளவு ஆபத்தான பேச்சு என்பது நோய் திரும்பி வந்து பார்த்த வீடுகளுக்குத் தெரியும். மாத்திரையைக் குறைப்பதும் மாற்றுவதும் டாக்டர் மட்டுமே முடிவெடுக்க வேண்டியவை.

புதுத் திட்டத்தில் துணையாளராக வந்த அக்கா குளோசபின் போடுகிறவர். முதல் போனிலேயே கேட்டார்: "ராத்திரி எத்தனை மணிக்குப் பசி வருது தங்கச்சி?" எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை யாரும் அந்தப் பசியை நிஜம் என்று எடுத்துக்கொண்டு என்னிடம் பேசியதில்லை. டாக்டரைக் கேட்டுக்கொண்டு நேரத்தைக் கொஞ்சம் தள்ளினோம். எட்டரைக்குச் சாப்பாடு, ஒன்பதரைக்கு மாத்திரை, உடனே படுக்கை. பசி எழும்புவதற்குள் பெரும்பாலும் தூங்கிவிடுவேன். அப்படியும் விழிப்பு வந்தால் கைக்கெட்டுகிற இடத்தில் வெள்ளரிப் பிஞ்சு, நீர்மோர், ஒரு கிண்ணம் அவித்த கொண்டைக்கடலை. பலகார டின்கள் இரண்டாம் கட்டு அறைக்குப் போயின.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "அந்த மாத்திரை ரொம்பச் சூடு. வயித்தைக் காயப் போட்டா மண்டைக்கு ஏறிரும்டி" என்பார். அக்கா அம்மாவிடமும் பேசினார். "பட்டினி போட வேணாம்மா. மூணு வேளையும் நல்லாச் சாப்பிடட்டும். டீயில சீனியை மட்டும் பாதியாக்குங்க." மாத்திரையால் வாய் காய்ந்துகொண்டே இருக்கும், அதற்காக நாள் முழுக்க டீயும் கலரும் குடித்துக்கொண்டிருந்தேன். எடை முதலில் அசைந்தது அந்தச் சீனியைக் குறைத்ததால்தான். அம்மா சீக்கிரம் சம்மதித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மனநல வைத்தியம் பார்க்கும் சென்னை ஸ்கார்ஃப் நிறுவனம் 2010-இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்குத் தொலைமருத்துவ பஸ் விட்டது. அத்தை வீட்டுப் பக்கம் அதில் வைத்தியம் பார்த்துத் தேறியவர்களை அம்மா அறிவார். திரையில் பேசுகிறவர்களும் வைத்தியம் தெரிந்தவர்கள்தான் என்ற நம்பிக்கை அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

ஆப் விஷயத்தில் எனக்குக் குறை நிறைய. உணவுப் பட்டியலில் குழிப் பணியாரம் உண்டு, வெள்ளைப் பணியாரம் கிடையாது. குழியில் சொட்டு எண்ணெய் விட்டுச் சுடுவதும், பச்சரிசி உளுந்து மாவைக் காய்ந்த எண்ணெயில் ஊற்றிப் பொரித்து எடுப்பதும் ஒன்றா? ஒன்றைத் தட்டி இன்னொன்றைக் கணக்கில் வைத்தால் வரும் எண்ணை எப்படி நம்புவது? கவுனி அரிசிக்குப் பக்கத்தில் "உடலுக்கு நல்லது" என்று பச்சை நட்சத்திரம் போட்டிருந்தார்கள். சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்த்துத்தான் எங்கள் வீடுகளில் அதைக் கிண்டுவோம் என்று உணவு ஆலோசகரிடம் நானே விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அடுத்த மாதமே, விசேஷ வீட்டு இலையில் எதை எவ்வளவு எடுப்பது என்று எங்கள் பலகாரங்களை வைத்தே ஒரு பாடம் வந்தது.

வீடியோ கூட்டத்தில் கேமராவை அணைத்து வைக்கலாம், பேசாமலும் இருக்கலாம். இதை மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். பலர் ஒரே நேரத்தில் பேசினால், உள்ளே கேட்பது எது, வெளியே கேட்பது எது என்று குழம்புகிறவர்கள் எங்களில் உண்டு. பாடங்களும் ஐந்து நிமிஷத்துக்குள் முடியும், அதையே மறுபடி மறுபடி போட்டுக் கேட்கலாம். மறதியும் கவனக் குறைவும் இந்த நோயிலேயே சேர்ந்தவை என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது. ஆனால் உடற்பயிற்சி வகுப்பைக் காலை ஆறு மணிக்கு வைத்திருந்தார்கள். ராத்திரி ஓலன்சபின் போட்டவளுக்கு ஆறு மணி நடுராத்திரி. பலரும் சொல்லிச் சொல்லித்தான் பதினொன்றுக்கு மாற்றினார்கள். நான் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஊரணிக் கரையைச் சுற்றி நடக்கிறேன்.

போன வருஷம் நோய் மறுபடி தலைதூக்கி ஆஸ்பத்திரியில் இருந்தேன். அந்த நாட்களில் ஆப் தினமும் தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தது: "உங்கள் தொடர் அறுந்துவிட்டது", "இன்றைய இலக்கை எட்டவில்லை". எல்லாவற்றையும் சந்தேகப்படும் மனநிலையில் இருக்கிறவளுக்கு, யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? தம்பிதான் ஆப்பை நீக்கினான். அக்கா மட்டும் வழக்கமான கிழமையில் கூப்பிட்டார். "மாத்திரை போட்டியா? தூங்குனியா? எடை எங்கேயும் போயிடாது, அப்புறம் பாத்துக்கலாம்." திரும்பி வந்து ஆப்பை மறுபடி போட்டபோது அந்த அறிவிப்புகளை அணைத்துத்தான் போட்டேன். ஆரம்பத்திலிருந்தே அணைந்திருக்க வேண்டியவை அவை.

குழுவில் இருமுனை நோய்க்கு லித்தியம் எடுக்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். யூட்யூபில் பார்த்த டயட்டுக்காக உப்பை அறவே விட்டுவிடப் போவதாகச் சொன்னார். ஆலோசகர் உடனே தடுத்தார். உப்பைத் திடீரென்று குறைத்தாலோ, வியர்த்து உடம்பில் நீர் வற்றினாலோ ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறி விஷமாகலாம். பொது டயட் வகுப்பில் இதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

எனக்கு எவ்வளவு குறைந்தது? உச்சத்தில் 86, இப்போது 80-ஐ ஒட்டி நிற்கிறது. டாக்டர் சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினும் சேர்த்தார், அதற்கும் இதில் பங்கு உண்டு. இடுப்பு குறைந்தது, எல்லைக்கோட்டில் இருந்த சர்க்கரை இறங்கியது. இவ்வளவுதானா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் தீவிர மனநோய் உள்ள முன்னாள் படைவீரர்களுக்கு இதே மாதிரி இணையப் பாடமும் துணையாளர் போனும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளியானது. உடல் பருமன் இருந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் சராசரியாகக் குறைந்தது 2.8 கிலோ. நேரில் வகுப்பு நடத்திய இன்னோர் ஆய்வு 2013-இல் வந்தது. 18 மாதத்தில் வகுப்புக்குப் போகாதவர்களைவிட 3.2 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தது. எங்கள் மாத்திரைகளோடு குறைக்கும் கிலோவுக்கு மதிப்பு அதிகம். தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது வருஷம் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் இதய நோய்க்குப் பெரிய பங்கு இருக்கிறது.

நான் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன், அந்த வாராந்திரப் போனுக்காக. ஆப் மட்டும் என்று மலிவாக ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள், அதில் பணத்தைப் போடாதீர்கள். சேருமுன் கேளுங்கள்: துணையாளர் இந்த மாத்திரைகளைப் போட்டவரா, கேமரா கட்டாயமா, நோய் கூடினால் யாரிடம் சொல்வார்கள், உங்கள் டாக்டருக்கு விவரம் போகுமா. நடு ராத்திரியில் மனசு கலங்கினால் இந்தத் திட்டத்தில் கூப்பிட ஆள் கிடையாது. அதற்கு அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. மாத்திரையை இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால், முதல் நாளே எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு நான்கையும் பார்த்து எழுதிவையுங்கள். எடையை 4, 8, 12 வாரங்களிலும், சர்க்கரை, கொழுப்பை மூன்று மாதத்திலும் மறுபடி பார்க்கச் சொல்லி 2004-லேயே அமெரிக்க நீரிழிவு, மனநல மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து வழிகாட்டியிருக்கின்றன. பெரும்பாலும் அந்த முதல் மாதங்களில்தான் எடை வேகமாக ஏறுகிறது. டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.