முதுகில் வாள், கையில் கேடயம்: விட்சர் 3-உம் ஸ்கைரிமும்

விட்சர் 3 (2015) கேமில் நாயகன் ஜெரால்ட்டின் முதுகில் இரண்டு வாள்கள். மனிதர்களுக்கு எஃகு, கொடூர ஜந்துக்களுக்கு வெள்ளி. இரண்டு கைப்பிடியும் வலது தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும். கண்ணுக்கு அவ்வளவு அழகு. ஆனால் அங்கிருந்து அந்த வாளை உருவ முடியாது.

ஒரு டேப் போதும், கணக்கு புரிந்துவிடும். வலது கையைத் தோளுக்கு மேல் முழுக்க நீட்டினால் தோளிலிருந்து முஷ்டிவரை சுமார் 60-65 செ.மீ. இந்த வகை நீண்ட வாளின் அலகு 90 செ.மீ. அளவுக்கு வரும். கை முழுசாக நீண்ட பிறகும் நுனிப்பக்கம் 25 செ.மீ. உறைக்குள்ளேயே நிற்கும். அதற்கு மேல் வெடுக்கென்று இழுத்தால் அலகு சாய்ந்து உறைவாயில் குறுக்கே மாட்டும். இடைக்கால ஐரோப்பிய உறை மெல்லிய மரப்பட்டைமேல் தோல் போர்த்தியது. வாளின் கூர் அதைப் பிளந்துவிடும். திரும்பச் செருகுவது இன்னும் மோசம். உறைவாய் கண்ணுக்கே தெரியாது, நுனி பிடரியைத் தடவிக்கொண்டிருக்கும். ஜெரால்ட் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நொடியில் செய்கிறான். உறையோடு தரையில் உருளவும் செய்கிறான், முதுகெலும்பு என்னாவது!

நெடும்பயணத்தில் வாளை முதுகில் கட்டிக்கொள்வதில் தப்பில்லை. சண்டை வருமுன் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்கைரிம் (2011) கேம் இந்த இடத்தில் நேர்மையானது. ஒற்றைக்கை வாள் இடது இடுப்பில் தொங்குகிறது. நிஜத்திலும் இடது கை உறைவாயைப் பிடித்துப் பின்னால் தள்ள, இடுப்பு லேசாகத் திரும்ப, வலது கை முன்னோக்கி இழுக்கும். உறையும் வாளும் எதிரெதிராக விலகுவதால் கை நீளம் போதாமல் போவதில்லை.

கேடயத்தில்தான் ஸ்கைரிம் சறுக்குகிறது. வாளை உறையில் போட்ட பிறகும் கேடயம் இடது கையிலேயே கிடக்கிறது. 3 கிலோ பலகையை நாள் முழுக்க மடக்கிய கையில் சுமந்தால் தோள் மரத்துவிடும். அதற்காகவே நிஜக் கேடயங்களில் நீளமான தோள்வார் உண்டு. வழிநடையில் கேடயம் முதுகுக்குப் போய்விடும். பிசியில் ஆடுகிறவர்கள் அதற்கான மாட் (mod, ரசிகர்கள் செய்த கேம் மாற்றம்) போட்டுக்கொள்ளலாம், முதல் வேலையாகவே போடலாம்.

எடைக் கணக்கும் உதைக்கிறது. இரும்பு வாள் 9, இரும்புக் கேடயம் 12, தொடக்கச் சுமைவரம்பு 300. இது கிலோவா பவுண்டா என்று கேம் சொல்வதில்லை. பவுண்டு என்று வைத்தால் வாள் 4 கிலோ! நிஜத்தில் ஒற்றைக்கை வாள் 1 முதல் 1.3 கிலோதான். அதோடு, முப்பது வாளைப் பையில் திணித்துக்கொண்டு ஓடலாம். 300-ஐ ஒன்று தாண்டினால் ஓட்டமே நின்றுவிடும்.

உருவும் முறைக்கு ஸ்கைரிமுக்கு 5-க்கு 4, விட்சருக்கு 1. விட்சரின் கோளாறு எளிதில் தீரக்கூடியதுதான்: எஃகு வாள் இடுப்பில், வெள்ளி வாள் அவன் குதிரை ரோச்சின் சேணத்தில்.