வளாகத்துக்கு வெளியே பல்கலைக்கழக மெயில்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டது

பல்கலைக்கழக மெயிலை தண்டர்பேர்ட் என்ற மெயில் ஆப்பில் வைத்துப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். புதிதாகச் சேர்பவர்கள் கேட்கும் கேள்வி மட்டும் மாறவேயில்லை: "வீட்டிலிருந்து மெயில் வருது, ஆனா போகமாட்டேங்குது, ஏன்?"

மெயில் வாங்குவதும் அனுப்புவதும் இரண்டு தனி வேலைகள். வாங்கும் ஐமேப் சர்வர் (போர்ட் 993; போர்ட் என்பது சர்வரில் ஒவ்வொரு வேலைக்கும் உள்ள வாசல் எண்) எங்கிருந்து வந்தாலும் பாஸ்வேர்ட் கேட்டுவிட்டுத் திறக்கும். அனுப்பும் எஸ்எம்டிபி சர்வரோ பல இடங்களில் வளாக ஐபி முகவரியைப் பார்த்தே நம்பிவிடும்; உள்ளே இருக்கும்வரை பாஸ்வேர்டே கேட்காது. வெளியே வந்ததும் நீங்கள் அதற்கு முன்பின் தெரியாத ஆள். யார் வந்து கொடுத்தாலும் வாங்கி அனுப்பினால் ஸ்பேம் அனுப்புகிறவர்கள் அந்த சர்வரை விட்டுவைக்க மாட்டார்கள். அதனால் '550 ரிலேயிங் டினைட்' (உங்கள் மெயிலை வெளியே அனுப்பித் தர முடியாது) என்று திருப்பி அனுப்புகிறது. அது சரியான நடவடிக்கைதான்.

இதற்கு மேல் இன்னொரு தடை, போர்ட் 25. வீட்டு இன்டர்நெட் தருகிற நிறுவனங்களில் பல இதை வெளியே விடுவதில்லை. எரர்கூட வராது, சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் டைம்அவுட் ஆகும். 25 என்பது சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ள. நம்மைப் போன்றவர்கள் மெயில் கொடுப்பதற்கென்றே 1998-லேயே 587 ஒதுக்கப்பட்டது. 2018-ல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இன்டர்நெட் தர ஆவணம், தொடக்கத்திலிருந்தே என்க்ரிப்ட் ஆகும் 465-ஐப் பரிந்துரைக்கிறது.

தண்டர்பேர்டில் அக்கவுன்ட் செட்டிங்ஸ் போய், அடியில் இருக்கும் 'அவுட்கோயிங் சர்வர்' பகுதியைத் திறந்து, எடிட் செய்யுங்கள். அங்கே என்க்ரிப்ட் செய்யும் முறையாக, போர்ட் 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ், 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். இந்த ஜோடியை மாற்றிப் போட்டால் கனெக்‌ஷனே கிடைக்காது. நான் பார்த்துக் கொடுத்த லேப்டாப்களில் அதிகம் கண்ட கோளாறு இதுதான். ஆத்தென்டிகேஷன் 'நோ ஆத்தென்டிகேஷன்' என்று இருந்தால் 'நார்மல் பாஸ்வேர்ட்' ஆக்குங்கள். மெயில் கூகுளிலோ மைக்ரோசாஃப்டிலோ இருந்தால் ஓஆத்2 (அவர்களுடைய லாகின் பக்கம் வழியாக நுழையும் முறை) தேர்ந்தெடுங்கள். யூசர்நேமில் சில சர்வர்கள் முழு முகவரியைக் கேட்கும், சில வெறும் ஐடியை மட்டும். '535' (லாகின் ஏற்கப்படவில்லை) வந்தால் முதலில் அதைச் சரிபாருங்கள். '530' வந்தால் பாஸ்வேர்டே அனுப்பப்படவில்லை என்று அர்த்தம்.

ஒருமுறை இப்படி அமைத்துவிட்டால் வளாகத்துக்குள்ளும் இதே செட்டிங் ஓடும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயமும் அதுதான்.

விபிஎன் (வெளியிலிருந்தே வளாக நெட்வொர்க்குக்குள் இணைக்கும் வழி) போட்டும் அனுப்பலாம். பல்கலைக்கழகம் 587-ஐயும் 465-ஐயும் வெளியே திறக்காவிட்டால் வேறு வழியில்லை. ஆனால் ரெண்டு வரி பதிலுக்குக்கூட விபிஎன் கனெக்ட் ஆகும்வரை காத்திருப்பது அலுப்பு. மொபைலில் பாதியில் அறுந்தால் பெரிய அட்டாச்மென்ட் மறுபடி முதலிலிருந்து போகும்.

நான் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்வது ஒன்று உண்டு: பல்கலைக்கழக முகவரியை 'ஃப்ரம்' பகுதியில் வைத்துக்கொண்டு இன்னொரு நிறுவனத்தின் எஸ்எம்டிபி வழியாக அனுப்புவது. தன் பெயரில் எந்தெந்த சர்வர்கள் அனுப்பலாம் என்று பல்கலைக்கழகம் டிஎன்எஸ்ஸில் (இணையப் பெயர்களுக்கான பொதுப் பதிவேடு) எஸ்பிஎஃப் என்ற பதிவாகப் போட்டிருக்கும். பட்டியலில் இல்லாத சர்வரிலிருந்து போனால் மெயில் ஸ்பேமில் விழலாம். டிமார்க் (சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பல்கலைக்கழகம் சொல்லும் விதி) கடுமையாக இருந்தால் வாசலிலேயே நிராகரிக்கப்படலாம். உங்கள் பக்கம் 'சென்ட்' என்று காட்டும். தேர்வாளருக்கோ ஆய்விதழுக்கோ அனுப்பிய மெயில் போய்ச் சேராததே பல நாள் தெரியாமல் போகலாம்.

பொது வைஃபையில் சில சமயம் 587-ம் அடைபட்டிருக்கும். அப்போது 465-ல் முயன்று பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால், அவுட்பாக்ஸில் நிற்கும் மெயில்களை 'சென்ட் அன்சென்ட் மெசேஜஸ்' கொடுத்து அனுப்பிவிடலாம்.